டச்சு கூட்டுச்சொல்லுல எங்க பிரிக்கணும், எங்க அழுத்தணும்?

ஜன்னலோரம்:

வணக்கம் மக்களே. நெதர்லாந்து வந்து ரெண்டு வருஷம் முடியப்போகுது, ஐண்ட்ஹோவன்ல இருக்கேன், வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் டச்சு வகுப்புக்கு போறேன். இலக்கணம் கூட எப்படியோ பிடிபட்டுடுது, வினைய வாக்கியத்தோட கடைசிக்கு கொண்டுபோறதெல்லாம் நமக்கு பழகின விஷயம்தானே. என்னை படுத்தி எடுக்கறது இந்த கூட்டுச்சொற்கள்தான். ரெண்டு மூணு சொல்ல இடைவெளியே விடாம ஒட்டி எழுதிடறாங்க, பாத்தவுடனே எங்க பிரிச்சு படிக்கணும்னும் தெரியல, எந்த அசைய அழுத்திச் சொல்லணும்னும் தெரியல.

போன ஒரு மாசத்துல நடந்தத சொல்றேன். ஆபீஸ் மீட்டிங்ல ஒரு கோளாறு பத்தி பேசிட்டு இருந்தோம். "இது இனிமே வராம தடுக்கலாம்"னு சொல்ல நினைச்சு 'ஃபோர்-கோ-மன் அப்படினு முதல் அசைய அழுத்திச் சொன்னேன் (அழுத்தம் வர்ற அசைக்கு முன்னாடி ஒத்தைக் குறி போட்டிருக்கேன், அசை பிரியற இடத்துல சின்னக் கோடு). பக்கத்துல இருந்தவர் ஒரு நொடி நெத்திய சுருக்கிட்டு, அப்புறம் "ஆ, ஃபோர்-'கோ-மன்!"னு நடு அசைய அழுத்தி திருப்பிச் சொன்னார். எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான். ஆனா முன்னாடி அழுத்தினா 'நடக்கறது', நடுவுல அழுத்தினா 'தடுக்கறது'. தடுக்கலாம்னு சொல்ல வந்தவன் நடக்கலாம்னு சொல்லிட்டு உக்காந்திருக்கேன்.

அடுத்தது பஸ்ல. நகராட்சி கட்டடத்துக்கு போகணும்னு டிரைவர்கிட்ட 'ஸ்டட்-ஹௌஸ்னு கேட்டேன், அவருக்கு பிடிபடல, மறுபடி சொன்னேன், கடைசில அவரே "ஸ்டட்-'ஹௌஸ்?"னு பின்னாடி அழுத்திக் கேட்டார். வகுப்புல டீச்சர் கூட்டுச்சொல்லுனா முதல் பாகத்த அழுத்தணும்னுதான் சொல்லிக் குடுத்தாங்க, அதனாலதான் அப்படி சொன்னேன்.

மூணாவதுதான் தூக்கத்தையே கெடுத்துச்சு. உருளைக்கிழங்குக்கு இங்க என்ன பேர்னு எல்லாருக்கும் தெரியும், 'ஆர்-டப்-பல். வரிக் கடைசில சொல் உடைஞ்சா எங்க கோடு போடணும்னு ஒரு பயிற்சி குடுத்தாங்க, நான் காதுல கேக்கற மாதிரியே ஆர்-டப்-பல்னு உடைச்சேன், சிவப்பு மையில அடிச்சுட்டு ஆர்ட்-அப்-பல்னு எழுதிக் குடுத்தாங்க. ஆனா அதே டீச்சர் அந்த சொல்ல வாயால சொல்லும்போது ஆர்-டப்-பல்னுதான் சொல்றாங்க! காதுல கேக்கறது ஒண்ணு, எழுத்துல உடைக்கறது ஒண்ணா? இதுக்கெல்லாம் ஏதாவது ஒழுங்கு இருக்கா, இல்ல ஒவ்வொண்ணா மனப்பாடம்தானா? யாராவது பொறுமையா விளக்குங்க.

---

வேகநடை:

ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ. முதல் அசைய அழுத்துங்க, மீதிய தட்டையா விட்டுடுங்க, நூத்துக்கு தொண்ணூறு சரியா வரும். நான் அப்படித்தான் ஓட்டிட்டு இருக்கேன்.

---

பழைய_கால்வாய்:

ஜன்னலோரம், ஒழுங்கு இருக்கு, நல்ல ஒழுங்காவே இருக்கு, கவலைப்படாதீங்க. நான் உட்ரெக்ட்ல பதினாலு வருஷமா இருக்கேன், முதல் மூணு வருஷம் நீங்க சொன்ன அதே இடத்துலதான் நானும் முட்டிக்கிட்டு நின்னேன். வேகநடை சொல்றது பாதி சரி, ஆனா அந்த மீதி பாதிதான் ஆபத்து, அத முதல்ல சொல்லிடறேன்.

"முதல் அசை" இல்லைங்க, "முதல் சொல்". இந்த வித்தியாசம்தான் எல்லாமே. கூட்டுச்சொல்லோட முதல் பாகம் தனியா இருக்கும்போது எந்த அசைல அழுத்தம் வாங்குதோ, அதே அசைலதான் கூட்டுச்சொல்லுக்கும் தலை அழுத்தம். ரயில் நிலையத்த எடுத்துக்கோங்க, ஸ்டா-'ஷொன், அழுத்தம் ரெண்டாவது அசைல. இப்ப ஸ்டேஷன் முன்னாடி இருக்கற திடலுக்கு பேர் ஸ்டா-'ஷொன்ஸ்-ப்ளெய்ன். அழுத்தம் அதே ஷொன்லதான் நிக்குது, ஸ்டாவுக்கு தாவல. அலுவலகம் கன்-'டோர், அலுவலகக் கட்டடம் கன்-'டோர்-கெ-பௌ. முதல் அசைய அழுத்தி 'கன்-டோர்-கெ-பௌனு சொன்னா கேக்கறவங்களுக்கு அது என்ன சொல்லுனே பிடிபட நேரமாகும்.

நம்ம ஆளுங்க தினமும் வாயில எடுக்கற சொல்லையே பாருங்க. குடியிருப்பு அனுமதிக்கு ஃபர்-'ப்ளெய்ஃப்ஸ்-ஃபர்-குன்-னிங், வரித் துறைக்கு பெ-'லஸ்-டிங்-டீன்ஸ்ட். ரெண்டுலயும் முதல் அசை அழுத்தமே வாங்காது, ஏன்னா ஃபர், பெ, கெ இந்த மூணு முன்னொட்டும் டச்சுல எப்பவும் மங்கலான உயிரோடதான் வரும். அந்த மங்கலான உயிருக்கு அழுத்தம் கிடையவே கிடையாது. நம்ம குற்றியலுகரத்த நினைச்சுக்கோங்க, "பட்டு"ல வர்ற கடைசி உ முழு மாத்திரை இல்லாம அடங்கி ஒலிக்குதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு அடக்கம். நாம என்ன பண்றோம்னா எல்லா அசைக்கும் சமமா சோறு போடற மாதிரி ஒரே எடைல சொல்லிடறோம், தமிழ்ல சொல்லோட அர்த்தத்த அழுத்தம் மாத்தாது, அதனால காது அத தேடவே தேடாது. இங்க அழுத்தம் பொருளையே மாத்தும்.

அப்புறம் மூணு நாலு சொல் சேர்ந்து வந்தாலும் கணக்கு அதேதான், இடது கோடில இருக்கற சொல்லுக்குத்தான் ராஜ மரியாதை. காப்பீடுக்கு தனியா ஃபர்-'ஸே-கெ-ரிங். மருத்துவக் காப்பீடுனு வரும்போது முன்னாடி பராமரிப்புங்கற 'ஸோர்க் வந்து ஒட்டிக்கிச்சு, 'ஸோர்க்-ஃபர்-ஸே-கெ-ரிங் ஆயிடுச்சு. ஸே செத்துப் போகல, ரெண்டாம் அழுத்தமா கீழ இறங்கி உக்காந்துக்குச்சு. அந்த ரெண்டாம் அழுத்தத்தையும் விட்டுடக் கூடாது, வேகநடை சொன்ன "மீதிய தட்டையா விடு" வேலைக்கு ஆகாது, ரெண்டாவது சொல்லோட உயிரெல்லாம் முழுசா கேக்கணும்.

இப்ப உங்க ஃபோர்கோமன். அது கூட்டுப்பெயர் கதை இல்ல, வினை. முன்னாடி இருக்கற துண்டு அழுத்தம் வாங்கினா அது கழண்டு போற துண்டு, வாங்கலனா ஒட்டியே இருக்கற துண்டு. 'ஃபோர்-கோ-மன் நடக்கறது, அதனால வாக்கியத்துல கோமன்ங்கற பாகம் கோம்ட்னு மாறி ஒரு இடத்துல, ஃபோர் வாக்கியக் கடைசில. முடிஞ்ச காலத்துக்கு நடுவுல கெ நுழையும், 'ஃபோர்-கெ-கோ-மன். தடுக்கறதுக்கு ஃபோர்-'கோ-மன், அது உடையாது, கெ நுழைய இடமே கிடையாது, முடிஞ்ச காலத்துலயும் ஃபோர்-'கோ-மன்தான். இதே மாதிரி ஜோடி நிறைய இருக்கு. 'ஒன்-டர்-கான்னா சூரியன் மறையறது, கப்பல் மூழ்கறது, ஒன்-டர்-'கான்னா ஒரு சிகிச்சைக்கு உட்படறது. 'ஓ-ஃபர்-ட்ரெய்-ஃபன்னா மேகம் கடந்து போறது, ஓ-ஃபர்-'ட்ரெய்-ஃபன்னா மிகைப்படுத்திப் பேசறது. இத ஜோடி ஜோடியா வாய்விட்டு சொல்லிப் பழகுங்க, வேற குறுக்கு வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஸ்டட்ஹௌஸ் விதிவிலக்கு. டீச்சர் சொன்னதும் தப்பில்ல, டிரைவர் சொன்னதும் தப்பில்ல.

---

வேகநடை:

ஸ்டேஷன் உதாரணம் பாத்ததும் எனக்கே உறைச்சுது, நான் இத்தனை நாளா கன்டோர்கெபௌவ தப்பாத்தான் சொல்லிட்டு இருக்கேன். நன்றி அண்ணா.

---

ஜன்னலோரம்:

பழைய_கால்வாய் அண்ணா, கோடி நன்றி, "முதல் அசை இல்ல, முதல் சொல்" இத யாருமே இப்படி சொல்லிக் குடுக்கல. ஆனா அந்த விதிவிலக்கெல்லாம் எத்தன இருக்கு, அத எப்படி கண்டுபிடிக்கறது? கடைல கோஸ் வாங்கப் போனாக் கூட ஒவ்வொரு கோஸுக்கும் ஒவ்வொரு மாதிரி அழுத்தறாங்க, நான் கவனிச்சுட்டேன். அப்புறம் அந்த உருளைக்கிழங்கு கேள்வி அப்படியே நிக்குது.

---

நிலா_டென்ஹாக்:

தம்பி, கோஸ் கதை நான் சொல்லுறன். நான் ஒன்பது வயசில இஞ்ச வந்தனான், பள்ளிக்கூடத்தில இந்தப் பிள்ளையளோட சேந்துதான் படிச்சனான், அதால விதியா எனக்குச் சொல்லத் தெரியாது, காதால தெரியும்.

பூக்கோசுக்கு 'ப்ளூம்-கோல், புளிக்க வைச்ச கோசுக்கு 'ஸூர்-கோல், ரெண்டும் முன்னால. ஆனா கிழங்கோட மசிச்சுச் சாப்பிடுற அந்தச் சுருட்டை இலைக் கோஸ் இருக்கெல்லோ, அது பூ-ரன்-'கோல், பின்னால. சிவப்புக் கோஸும் ரோ-டெ-'கோல், பின்னால. ரோடெ எண்டால் சிவப்பு, கோல் எண்டால் கோஸ், சாதாரணமா "சிவப்பு கோஸ்" எண்டு ரெண்டு சொல்லாச் சொன்னாலும் டச்சில பின் சொல்லுக்குத்தான் பாரம். அந்தப் பாரம் ஒட்டி எழுதின பிறகும் அப்பிடியே இருந்திட்டுது. உயர்கல்விப் பள்ளிக்கும் ஹோ-கெ-'ஸ்கோல், குடல்வாலுக்கும் ப்ளின்-டெ-'டர்ம், இதெல்லாம் ஒரு குடும்பம்தான், முன்னால குணத்தைச் சொல்லுற சொல்லு வந்து அதோட வால் எ ஒட்டியிருந்தால் கொஞ்சம் நிதானிச்சுக் கேளுங்கோ. ஆனால் இதையே விதி எண்டு பிடிச்சுக்கொண்டு போகாதேங்கோ, தாத்தா பாட்டியைச் சொல்லேக்க 'க்ரோட்-ஃபா-டர், 'க்ரோட்-மூ-டர் எண்டு முன்னாலதான் வரும், அதில வால் எ இல்லை பாத்தியளோ.

மேயருக்கு புர்-கெ-'மே-ஸ்டர். ஸ்டட்'ஹௌஸில புர்கெ'மேஸ்டர் இருக்கிறார் எண்டு ஒரு வசனமா மனசில வைச்சிருங்கோ, ரெண்டும் சேந்தே பாடமாகிடும்.

இன்னொண்டு, தெருப் பேர். ஆம்ஸ்டர்டாமுக்குப் போனால் கேட்டுப் பாருங்கோ, முதல்ல அந்த ஊர்ப் பேரே பின்னாலதான், ஆம்-ஸ்டர்-'டம், ராட்டர்டாமும் ரொட்-டர்-'டம். உங்கட ஊர் முன்னால, 'ஐண்ட்-ஹோ-ஃபன். தெரு எண்டு முடியிற பேருக்கு முன்னால பாரம், 'கல்-ஃபர்-ஸ்ட்ராட். கால்வாய் எண்டு முடிஞ்சால் பின்னால, ஹே-ரன்-'க்ரக்ட், கெய்-ஸர்ஸ்-'க்ரக்ட், ப்ரின்-ஸன்-'க்ரக்ட். அம்மா இஞ்ச வந்த புதுசில எல்லாத்தையும் ஒரே மாதிரித்தான் சொல்லுவா, ட்ராமில ஆக்களுக்கு விளங்காது, நான் பக்கத்தில நிண்டு திருப்பிச் சொல்லுவன். பிறகு அவ ஒரு பழக்கம் பிடிச்சா. ட்ராமில அறிவிப்பு வரேக்க சொல்லைக் கவனிக்காமல் ராகத்தை மட்டும் மூக்குக்குள்ள முனகிப் பாப்பா. ம்ம்ம்-ம்ம்-'ம்ம், எங்க குரல் மேல ஏறி நீளுதோ அதுதான் பாரம் விழுற இடம். ஒரு வருசத்தில என்னைவிட வடிவாச் சொல்லத் தொடங்கிட்டா. நீங்களும் செய்து பாருங்கோ.

எங்களுக்குச் சின்ன வகுப்பில கை தட்டித்தான் அசை பிரிக்கப் பழக்கினவை. படுக்கையறைக்கு ஸ்லாப் - கா - மர், மூண்டு தட்டு. முதல் தட்டைக் கொஞ்சம் பலமாத் தட்டினால் பாரமும் சேந்து வந்திடும்.

---

சொல்தேடி:

அருமையான இழை. நிலா அக்கா சொன்ன முனகல் முறைய இன்னிக்கே என் பொண்ணுகிட்ட சொல்லப்போறேன். உருளைக்கிழங்கு கேள்விக்கு நான் வர்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நீளமா எழுதினா பொறுத்துக்கோங்க.

(நாம இங்க அசைனு சொல்றது யாப்புல வர்ற நேர், நிரை இல்ல. ஒரு உயிர் ஒலி வந்தா ஒரு அசை, அவ்ளோதான். இல்லனா குழம்பிடும்.)

நம்ம நன்னூல்ல பொதுமொழினு ஒண்ணு படிச்சிருப்போம். தாமரைனு சேர்த்துப் படிச்சா பூ, தா-மரைனு பிரிச்சா தாவற மான். வைகைனா ஆறு, வை-கைனா கைய வைனு ஏவறது. டச்சுக் கூட்டுச்சொல் முழுக்க இந்த பொதுமொழி விளையாட்டுதான். ஃபல்-கௌல்னு பிரிச்சா விழவைக்கற குழி, மறைகுழி. அதே எழுத்துகள ஃபல்க்-ஔல்னு பிரிச்சா ராஜாளி-ஆந்தைனு இல்லாத ஒரு பறவை வந்துடும். டெய்க்-ரம்ப்னா கரை உடைஞ்ச பேரழிவு, டெய்-க்ரம்ப்னா தொடைப் பிடிப்பு. இந்த மாதிரி சொல்லுங்க டச்சுக்காரங்களுக்கே ரொம்பப் பிரியம், தேடித் தேடிச் சேர்த்து வெச்சிருக்காங்க.

ஆனா எனக்குப் பிடிச்சது இது. எழுத்துல ஒரே சொல். மஸ்-'ஸா-ஷெ-பெட்னு சொன்னா உடம்பு பிடிச்சு விடற கட்டில். 'மஸ்-ஸா-கெ-பெட்னு சொன்னா பெருந்திரள் பிரார்த்தனை. எங்க சுவர் எழுப்பறோம்கறத வெச்சு அழுத்தம் மாறுது, அழுத்தம் மட்டுமில்ல, நடுவுல இருக்கற அந்த மெய்யெழுத்தோட ஒலியே ஷ-வுல இருந்து க-வுக்கு மாறுது. ஜன்னலோரம் கேட்ட ரெண்டு கேள்வியும், எங்க பிரிக்கணும், எங்க அழுத்தணும், உண்மைல ஒரே கேள்விதான்னு இதப் பாத்தா புரியும். முதல்ல சுவர கண்டுபிடிங்க, அழுத்தம் அதுவா வரும்.

சுவர்னு ஏன் சொல்றேன்னா, தமிழ்ல சந்தி ரெண்டு சொல்ல கரைச்சு ஒட்டிடும். திரு, அருள் சேர்ந்தா நடுவுல ஒரு வ் வந்து திருவருள்னு வழுக்கிட்டுப் போயிடும், பொன், குடம் சேர்ந்தா ன் போய் ற் வந்துடும். டச்சுல கூட்டுச்சொல்லுக்குள்ள சுவர் நிக்கும். அந்தச் சுவர கண்ணால பாக்க முடியாது, காதால கேக்கலாம். எப்படினா, டச்சுல சொல்லோட கடைசில மெல்லிய ட வரவே வராது, "பாடு"ல வர்ற ட மாதிரி எழுதியிருந்தாலும் "பட்டு"ல வர்ற ட மாதிரி வல்லொலியாத்தான் முடியும். பற்கள்னு பன்மைல சொல்லும்போது 'டன்-டன், நடுவுல மெல்லிய ட. பல் டாக்டர்னு சொல்லும்போது 'டன்ட்-அர்ட்ஸ், அங்க வல்லிய ட. பின்னாடி உயிர்தான் வருது, ஆனாலும் மெலியல, ஏன்னா டன்ட்ங்கற சொல் அந்த இடத்துல முடிஞ்சு போச்சு, சுவர் நிக்குது.

இங்கதான் தமிழ் நாக்கு நம்மள கவுக்கும். ண்-க்குப் பின்னாடி நமக்கு ட எப்பவும் மெலிஞ்சுதான் வரும், வண்டி, கண்டேன், மண்டபம். அதனால நாம யோசிக்காமலே அந்த சொல்ல டண்டர்ட்ஸ்னு வண்டில வர்ற டவோட சொல்லிடறோம். சுவர இடிச்சுட்டோம், அவங்களுக்கு சொல் தெரியல. உங்க ஐண்ட்ஹோவனையே கவனிங்க, எழுத்துல மெல்லிய ட, வாயில வல்லிய ட, அப்புறம் தெளிவா ஒரு ஹ. நம்ம ஆளுங்க ஐண்டோவன்னு சொல்றோம்.

இப்ப உருளைக்கிழங்கு. ஆர்ட்னா மண், அப்பல்னா ஆப்பிள், மண் ஆப்பிள். சுவர் இருந்திருந்தா வல்லிய ட வந்து ஆர்ட்-அப்பல்னு கேக்கணும். ஆனா அந்தச் சொல் வாயில புழங்கிப் புழங்கி யாருக்கும் அது ரெண்டு சொல்லா தோணறதே இல்ல, சுவர் தேஞ்சு போச்சு, மெல்லிய ட அடுத்த அசைக்குத் தாவி ஆர்-டப்-பல் ஆயிடுச்சு. எழுத்து விதி மட்டும் பழைய சுவர மறக்கல, ஆர்ட்-அப்-பல்னுதான் உடைக்கச் சொல்லுது. ஏன்ங்கற கேள்விச் சொல்லும் இப்படித்தான், வாயில வா-'ரொம், வரி உடைக்கும்போது வார்-ஒம். உங்க டீச்சர் ரெண்டுலயும் சரிதான். வாய் ஒலியப் பின்பற்றுது, எழுத்து சொல்லோட பிறப்பப் பின்பற்றுது.

எழுத்துல உடைக்கறதுக்கு ஒரே நல்ல வழக்கம், முதல்ல சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல வெட்டுங்க, அப்புறம் ஒவ்வொரு துண்டையும் சாதாரண சொல் மாதிரி வெட்டுங்க. நடுவுல ஒட்டிக்கற ஸ், அன் இதெல்லாம் முன்னாடி சொல்லோட சேரும், ஸ்டாஷொன்ஸ்-ப்ளெய்ன், ஆஸ்பத்திரிங்கற ஸீகன்-ஹௌஸ். தனி ஒரு எழுத்த மட்டும் வரில விட்டுட்டு உடைக்கக் கூடாது. சாயங்காலம்ங்கற ஆ-ஃபொன்ட்ட காதுல ரெண்டு அசையா கேட்டாலும் எழுத்துல உடைக்க முடியாது.

---

பழைய_கால்வாய்:

சொல்தேடி, வண்டி-மண்டபம் விஷயம் பதினாலு வருஷத்துல எனக்குத் தோணவே இல்ல. என் பல் டாக்டர் க்ளினிக்குக்கு போன் பண்ணும்போதெல்லாம் "யாரு, எங்க?"னு கேப்பாங்க, இப்பதான் காரணம் புரியுது.

ஒரு சந்தேகம். சுவர் நிக்கும்னா கால்பந்துக்கு அவங்க 'ஃபுட்-பல்னு சொல்லும்போது அந்த ட மெல்லிசாத்தானே கேக்குது? தனியா கால்னு சொல்லும்போது ஃபுட், வல்லிய ட.

---

சொல்தேடி:

நல்லா கேட்டிருக்கீங்க, காது கூர்மை. அது வேற வேலை. பின்னாடி மெல்லிய ப-வோ மெல்லிய ட-வோ நேரா வந்து மோதினா, அது முன்னாடி இருக்கற வல்லினத்தையும் தன் பக்கம் இழுத்து மெலிய வெச்சிடும், சுவரத் தாண்டியும் இழுக்கும். கைக்குட்டைக்கு 'ஸக்-டூக், அந்த க் கூட மெலிஞ்சு "தங்கம்"ல வர்ற க பக்கம் போயிடும். உயிரெழுத்துக்கு அந்த பலம் கிடையாது, அதனாலதான் டன்ட்-அர்ட்ஸ்ல ட அசையாம நிக்குது.

இன்னொரு அழகான ஜோடி சொல்லிட்டு நிறுத்திக்கறேன். சிவப்புக்கு ரோட், வல்லிய ட. சிவப்பானனு பின்னாடி எ சேர்த்தா 'ரோ-டெ, மெல்லிய ட. செக்கச்செவேல்னு இல்லாம சிவப்பு கலந்தாப்லனு சொல்றதுக்கு 'ரோட்-அக்-டக், மறுபடி வல்லிய ட! ஏன்னா அந்த அக்டக்ங்கற விகுதிய டச்சுக் காது தனிச் சொல் மாதிரி நடத்துது, நடுவுல சுவர் கட்டுது. எழுத்துல மூணும் ஒரே எழுத்துதான், வாய் சொல்லிக் குடுத்துடுது எது ஒட்டு, எது கூட்டுனு.

---

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுனே தெரியல. ரெண்டு நாளா தபால்ல வந்த காகிதம் எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு பென்சில்ல சுவர் கோடு போட்டுப் பழகினேன், கண்ணு முன்னாடி சொல் பிரிஞ்சு நிக்குது, இவ்வளவு நாள் ஒரே காடா தெரிஞ்சது. கீழ இருக்கறத திருத்துங்க.

குடும்ப டாக்டர் க்ளினிக்: 'ஹௌஸ்-அர்ட்-ஸன்-ப்ரக்-டெய்க்
மருத்துவத் துறை: கெ-'ஸோன்ட்-ஹெய்ட்ஸ்-ஸோர்க்
குடியேற்றத் தேர்வு: 'இன்-புர்-கெ-ரிங்ஸ்-எக்-ஸா-மன்
குடல்வால் அழற்சி: ப்ளின்-டெ-'டர்ம்-ஒன்ட்-ஸ்டே-கிங்
வருங்கால: 'டூ-கொம்-ஸ்டக்

கடைசி சொல் வரப்போற காலம்ங்கற 'டூ-கொம்ஸ்ட்ல இருந்து வர்றது, அதனால முன்னாடி போட்டேன்.

---

பழைய_கால்வாய்:

முதல் நாலும் பிரமாதம். குடல்வால் அழற்சில டர்ம்லயே அழுத்தத்த நிறுத்தினீங்களே, அத நானா இருந்தா அந்தக் காலத்துல கண்டிப்பா தப்பு பண்ணிருப்பேன்.

கடைசி மட்டும் டூ-'கொம்-ஸ்டக். கூட்டுச்சொல்லோட வாலுல அந்த அக் விகுதி ஒட்டி உரிச்சொல் ஆனா, பல சொல்லுல அது அழுத்தத்த தனக்கு முன்னாடி அசைக்கு இழுத்துக்கும். உதாரணம்னு சொல்றதுக்கு 'ஃபோர்-பேல்ட், அதுல இருந்து முன்மாதிரியானனு வர்றதுக்கு ஃபோர்-'பேல்-டக். கவனம்னு சொல்றதுக்கு 'ஆன்-டக்ட், கவனமா இருக்கறதுக்கு ஆன்-'டக்-டக். விதினா 'நோட்-லொட், விபரீதமானனா நோட்-'லொட்-டக். பெயர்ச்சொல்லா இருக்கும்போது முன்னாடி, உரிச்சொல் ஆனதும் நடுவுக்கு.

---

நிலா_டென்ஹாக்:

தம்பி வடிவாச் செய்திருக்கிறியள். உரிச்சொல்லில இன்னொரு வேலையும் இருக்கு, காதில விழுந்தால் குழம்பாதேங்கோ. ஐஸ் மாதிரிக் குளிர் எண்டுறதுக்கு, "தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு" எண்டு வசனத்தின்ர கடைசியில வந்தால் எய்ஸ்-'கௌட், பின்னால பாரம். அதையே பேருக்கு முன்னால வைச்சு "ஐஸ் மாதிரித் தண்ணி" எண்டால் 'எய்ஸ்-கௌ-டெ எண்டு முன்னால ஏறிடும். செத்துப்போற அளவு களைப்பு எண்டுறதுக்கும், டோட்-'மூ, இதே கதைதான். நான் இதைப் பள்ளிக்கூடத்தில ஒருநாளும் படிக்கேல்லை, இப்ப நீங்கள் கேட்டாப் பிறகுதான் என்ர வாயை நானே கவனிச்சனான்.

---

ஜன்னலோரம்:

குறிச்சு வெச்சுக்கிட்டேன் அக்கா. டூகொம்ஸ்டக்க பத்து தடவ சொல்லிப் பாத்தாச்சு.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. நேத்து ஒரு செய்திக் கட்டுரைல ஃபோர்கோமன் சொல்லுல ஃபோர் மேல இருக்கற ரெண்டு ஓ எழுத்துக்கும் தலைல சாய்வா சின்னக் கோடு போட்டிருந்தாங்க. அச்சுப் பிழையா?

---

சொல்தேடி:

பிழை இல்ல. அது அழுத்தக் குறி. இந்த மாதிரி ரெண்டு பொருள் வர்ற இடத்துல படிக்கறவங்க தடுமாறக் கூடாதுனு எழுதறவங்க போடறது. ஃபோர் மேல கோடு இருந்தா நடக்கறது, கோ மேல இருந்தா தடுக்கறது. கட்டாயம் இல்ல, தேவைப்படற இடத்துல மட்டும் போடுவாங்க. மத்த சொல்லுக்கெல்லாம் டச்சு விக்சனரில தேடுங்க, நிறைய சொல்லுக்கு வரி எங்க உடையும்னு ஒரு வரி, உச்சரிப்பு ஒரு வரி, ரெண்டும் தனித்தனியா இருக்கும், உங்க ஆர்டப்பல்ல அங்க பாத்தீங்கன்னா ரெண்டும் ஒத்துப் போகாம நிக்கறத நீங்களே பாக்கலாம்.